டிரெயினிங் முடித்து வந்தபின் கற்றதை மெஷினில் நிலைக்க வைப்பது எப்படி?

கோயம்புத்தூர் கணபதி பக்கம் 22 பேர் வேலை பார்க்கும் ஒரு மெஷின் ஷாப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின் (சிஎன்சி லேத்) 6, மில்லிங் மெஷின் (விஎம்சி) 2. பம்ப் ஷாஃப்ட், ஃப்ளேஞ்ச், பேரிங் ஹவுசிங் என்று பெரும்பாலும் ஜாப் ஒர்க். செட்டிங் நேரத்தைக் குறைப்பது பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு முதலாளி என்னை அனுப்பினார். எஸ்எம்இடி என்பார்கள். ஒரு ஜாப்பிலிருந்து அடுத்த ஜாப்புக்கு மெஷினை மாற்றும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரப் பார்க்கும் முறை அது. பயிற்சி நன்றாகவே இருந்தது. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன்.

நான்கே நாளில் அந்த நோட்டு டிராயருக்குள் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து அதே நோட்டை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் 3ஆம் நம்பர் லேத்தில் 130 நிமிடம் பிடித்த செட்டிங் 50 நிமிடத்துக்கு வந்தது. பத்து நிமிடத்தை எட்டவில்லை. ஆனால் அந்த 80 நிமிடம் எங்களைப் போன்ற சின்ன ஷாப்புக்குப் பெரிய விஷயம். இரண்டு முறையும் பாடம் ஒன்றுதான், ஆளும் ஒருவன்தான். ஆரம்பிக்கும் முன்னும் ஆரம்பித்தபின்னும் செய்த ஏற்பாடுதான் வேறு. முதன்முறையாகப் பயிற்சிக்குப் போகும் சூப்பர்வைசர், மெஷினை ஜாப்புக்குத் தயார் செய்யும் செட்டர், ஆப்பரேட்டர் யாரும் என்னைப் போல எட்டு மாதம் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போவது வெல்டிங்கோ, எக்செலோ, முதலுதவியோ, எதுவானாலும் இந்த வரிசை பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

முதலாளியிடமோ மேனேஜரிடமோ இருபது நிமிடம் கேளுங்கள். டீ நேரம் போதும். ஒரே ஒரு ஏ4 தாளில் இந்த ஐந்தையும் எழுதுங்கள்: எந்த மெஷினில், எந்த ஜாப்பில் செய்து பார்க்கப் போகிறேன்; இன்று அது எவ்வளவு நேரம் பிடிக்கிறது; எவ்வளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம்; திரும்பி வந்தபின் வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கென்று கிடைக்கும்; கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்ததிலிருந்து 90ஆம் நாள், அதாவது பலனைப் பார்க்கும் நாள், என்ன தேதி வருகிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

நேரத்தை மட்டும் பொதுவாக எழுதாதீர்கள். 'வசதிப்படும்போது' என்று எழுதினால் அந்த வசதி வரவே வராது. இரண்டாம் முறை ஆரம்பிக்கும் முன் நான் எழுதி வாங்கியது இது: முதல் ஆறு வாரம், செவ்வாய், வியாழன், மாலை 3 முதல் 4 மணி வரை 3ஆம் நம்பர் மெஷினும் அதன் செட்டரும் எனக்கு. செலவு 10,000 ரூபாய் வரை. முதல் தடவை இப்படி ஒரு தாள் இல்லாததால், வந்த மறுநாளே டெஸ்பாட்ச் அவசரம் என்று என்னை வேறு வேலைக்கு இழுத்தார்கள். கேட்க எனக்கு ஒரு பிடியும் இல்லை. இப்போது எங்கள் ஷாப்பில் யார் பயிற்சிக்குப் போனாலும் போகும் முன்பே இந்தத் தாளை எழுதிவிடுகிறோம்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை. பயிற்சிக் கட்டணம் எனக்கு 9,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,620, ஆக 10,620. இன்வாய்ஸ் கம்பெனி பெயரில், கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால்தான் அந்த 1,620-ஐ இன்புட் கிரெடிட்டாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்க முடியும். அவசரத்தில் உங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்துவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி வர வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். பிறகு திருத்தி வாங்க அலைய வேண்டியிருக்கும். பஸ் டிக்கெட், சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சில இடங்களில் பயிற்சிக்கு அனுப்பும் முன் பாண்டு எழுதி வாங்குவார்கள். எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு என்ற இரண்டையும் படித்துப் பார்த்து, ஒரு நகல் கையில் வாங்கிக்கொண்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

2. இன்றைய நிலையை முதலில் அளந்துவிடுங்கள்

இதை விட்டதுதான் முதல் தடவை நான் செய்த பெரிய தவறு. 'முன்பு ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும்' என்று எல்லோரும் வாயால் சொன்னோமே தவிர, யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி இருந்தால் நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் நிரூபிக்க முடியாது.

எங்கிருந்து எது வரை அளப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஜாப்பின் கடைசி நல்ல பீஸ் இறங்கிய நிமிடத்திலிருந்து, புது ஜாப்பின் முதல் நல்ல பீஸ் கியூசியில் (தரப் பரிசோதனையில்) ஓகே ஆன நிமிடம் வரை. நடுவில் எது நடந்தாலும் கணக்கில் சேரும். 'கியூசி ஆள் சாப்பிடப் போய்விட்டார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். கழிக்காதீர்கள். அந்தக் காத்திருப்பும் மெஷின் நின்ற நேரம்தான்.

குறைந்தது ஐந்து செட்டிங்காவது அளக்க வேண்டும். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் இரண்டும் அதில் வரட்டும். மெஷின் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, தேதி, ஜாப், நின்ற நேரம், ஓகே ஆன நேரம், செட்டர் பெயர் என்று ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தால் ஆப்பரேட்டரே எழுதிவிடுவார். எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. செலவு நோட்டு விலை மட்டும்.

3. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் சொல்வது, வலப்பக்கம் 'எங்கள் ஷாப்பில் இது எங்கே?' வலப்பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் உடனே கையைத் தூக்கிக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. பயிற்சியில் காட்டியது பெரும்பாலும் பிரஸ் மெஷினில் டை (அச்சு) மாற்றும் உதாரணம். எங்களிடம் இருப்பதோ லேத். சாஃப்ட் ஜாவை (பீஸைக் கவ்விப் பிடிக்கும், ஜாப்புக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும் தாடையை) மாற்றுவதற்கு அதை எப்படிப் பொருத்துவது என்று அங்கேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால், பிறகு பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் பிரச்சினையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் கஸ்டமர் டிராயிங்கைக் கொண்டுபோகாதீர்கள். பெயரும் பார்ட் நம்பரும் இல்லாமல் கையால் ஒரு படம் வரைந்துகொண்டால் போதும். பயிற்சி தருபவரிடம், 'வேலையில் இறங்கியபின் சந்தேகம் வந்தால் ஒரு முறை போன் செய்யலாமா' என்று நேராகக் கேட்டு நம்பர் வாங்குங்கள். நான் கேட்டபோது அவர் சந்தோஷமாகவே கொடுத்தார்.

அன்றன்றைக்கு ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து, அன்று கற்றதில் ஒன்றே ஒன்றை நாளைக்கே செய்யலாம் என்றால் எது என்று எழுதிவிடுங்கள். மூன்று நாளுக்கு மூன்று வரி. அங்கே கொடுக்கும் புத்தகத்தைவிட இந்த மூன்று வரிதான் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது.

4. திரும்பி வந்த முதல் இரண்டு நாள்

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இரண்டு நாளுக்குள் ஏதாவது ஒன்றைக் கையால் செய்துவிடுங்கள். சின்னதாக இருக்கட்டும். அந்த மெஷினுக்கான ஆலன் கீயை எல்லாம் ஒரே டிரேயில் எடுத்து வைப்பது அவ்வளவு சின்ன வேலைதான். அதையாவது செய்யுங்கள்.

மாதக் கடைசிப் பத்து நாளில் பயிற்சி முடிகிற மாதிரி தேதி எடுக்காதீர்கள். அந்தப் பத்து நாளும் டெஸ்பாட்ச்தான் ஓடும். உங்கள் பேச்சு யார் காதிலும் விழாது. முடிந்தால் மாதத்தின் முதல் வாரத்தில் போய்வரும் பேட்ச்சாகப் பார்த்துச் சேருங்கள்.

இனி நான் செய்த இரண்டாவது தவறு. வந்த மறுநாள் காலை எல்லோரையும் மெஷின் பக்கம் கூப்பிட்டு, பயிற்சியில் காட்டிய படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். எங்கள் செட்டர் அண்ணன் இருபத்தைந்து வருடமாக அந்த வேலையில் இருப்பவர். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: 'ஏந் தம்பி, மூணு நாள் ஏசி ரூம்ல உக்காந்துட்டு வந்து எனக்குச் சொல்லித் தர்றீங்களா?' யாரும் பேசவில்லை. எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் கேட்டதில் தவறில்லை. அத்தனை பேர் முன்னால் அவருடைய வேலையில் குறை சொன்னவன் நான்தான்.

இரண்டாம் முறை முதலில் அவரிடம் மட்டும், தனியாகப் போனேன். 'அண்ணா, ஒரு செட்டிங்குல உங்களுக்கு ரொம்பக் கடுப்பா இருக்கற இடம் எதுங்க?' என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'தேடறதுதான் தம்பி. நேத்து ராத்திரி ஷிப்ட்டுக்காரன் எதைய எங்க வெச்சான்னு தேடியே பாதி உசுரு போகுது' என்றார். அங்கிருந்தே ஆரம்பித்தோம். உங்கள் இடத்திலும் அந்த வேலையை யார் தினமும் செய்கிறாரோ அவருடைய தொல்லையிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

5. ஒரு மெஷின், ஒரு ஜாப், ஒரு வீடியோ

ஆறு மெஷினிலும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள். அடிக்கடி செட்டிங் மாறும் ஒரு மெஷினை எடுங்கள். எங்கள் 3ஆம் நம்பரில் மாதம் 22 செட்டிங் நடக்கும்.

செட்டரின் சம்மதம் கேட்டு, ஒரு முழு செட்டிங்கை போனில் வீடியோ எடுங்கள். முகம் வேண்டாம், கையும் காலும் தெரிந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயம் பாதி போய்விடும். முதலாளியிடமும் அனுமதி கேளுங்கள். சில கஸ்டமர்களின் ஒப்பந்தத்தில் ஷாப்புக்குள் படம் எடுக்கவே கூடாது என்றிருக்கும். டிராயிங் பிரேமில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த வீடியோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது.

அந்த வீடியோவைச் செட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் பேசாதீர்கள். நாங்கள் ஸ்டோர் ரூமில் இரண்டு ஸ்டூல் போட்டு, போனை ஒரு பெட்டி மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அண்ணன் முதலில் சிரித்தபடி பார்த்தார். பத்தாவது நிமிடத்தில் கப்போர்டுக்குப் போனார், திரும்பினார். மறுபடி போனார். மூன்றாவது தடவை போகும்போது ஸ்டூலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான்காவது தடவை, 'நிறுத்துங்க' என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, 'ஒரு 10 எம்எம் ஆலன் கீக்கா நாலு தடவ நடந்திருக்கேன்?' என்றார். அதன்பின் பேனாவை என்னிடமிருந்து வாங்கி அவரே எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த 130 நிமிடம் இப்படிப் பிரிந்தது:

ஜா, ஸ்பேனர், இன்சர்ட் (டூலின் வெட்டுமுனை) தேடியது: 27 நிமிடம்
டிராயிங்கும் புரோகிராமும் வரக் காத்திருந்தது: 14
சாஃப்ட் ஜா மாற்றி போர் அடித்தது (ஜாவின் உட்பக்கத்தை அளவுக்குக் குடைந்தது): 31
டூல் மாற்றி ஆஃப்செட் (டூலின் நிலை அளவு) எடுத்தது: 24
முதல் பீஸ் ஓட்டியது: 8
கியூசி ஓகேக்குக் காத்திருந்தது: 26

தேடியதும் காத்திருந்ததும் மட்டும் 67 நிமிடம். பாதிக்கு மேல். செட்டரின் கைத்திறனில் குறை எதுவும் இல்லை என்பதை அந்தத் தாள் அவருக்கும் எங்களுக்கும் காட்டியது. வீட்டுக்குப் போகும்போது ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: மெஷின் நின்றால்தான் இதைச் செய்ய முடியுமா, பழைய ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாமா? தேடுவது, டிராயிங் எடுத்து வைப்பது, இன்சர்ட் மாற்றிய டூலைத் தயாராக வைப்பது எல்லாம் ஓடும்போதே செய்யக்கூடியவை. கடைசி இருபது பீஸ் இருக்கும்போது ஆப்பரேட்டர் பச்சைக் கொடியை மெஷின் மேல் வைப்பார். அதைப் பார்த்ததும் ஹெல்பர் அடுத்த ஜாப்புக்கான டிரேயை நிரப்ப வேண்டும். அதே கொடியைப் பார்த்து கியூசியிலும் கேஜை (அளவு பார்க்கும் கருவியை) எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால் மட்டும் 26 நிமிடம் 7 ஆனது.

சாஃப்ட் ஜாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஜாப்புக்கும் போர் அடித்த ஜாவை மறுபடி வேறு ஜாப்புக்கு வெட்டிவிடுவோம். அடுத்த முறை அந்த ஜாப் வரும்போது முதலிலிருந்து போர் அடிக்க வேண்டும். அடிக்கடி வரும் இரண்டு ஜாப்புக்குத் தனித்தனி ஜா செட் ஒதுக்கினோம். ஜாவில் 1, 2, 3 என்று நம்பர் அடித்து, சக்கில் (ஜாவைத் தாங்கிச் சுழலும் பகுதியில்) அதே இடத்தில், அதே பல் வரிசையில், அதே பிரஷரில் மாட்டினால் லேசாக ஒரு ஸ்கிம் கட் (மேலாகச் சீவுவது) போதும். டரட்டில் (டூல்களைத் தாங்கும் பகுதியில்) பொதுவான ரஃப், பினிஷ், போரிங் டூலுக்கு நிரந்தர இடம் கொடுத்தோம். ஜாப்புக்கு ஜாப் இரண்டு மூன்று டூல்தான் மாறும்.

ஆறு வாரம் கழித்து: தேடுதல் 3, டிராயிங் காத்திருப்பு இல்லை, ஜா 17, டூல் 15, முதல் பீஸ் 8, கியூசி 7. மொத்தம் 50.

இங்கே ஒரு எச்சரிக்கை. நேரம் குறைகிறது என்ற உற்சாகத்தில் முதல் பீஸ் ஓகே வாங்காமல் ஓட்டிவிடத் தோன்றும். ஜா போல்ட்டை டார்க் (இறுக்கும் அளவு) பார்க்காமல் முறுக்கத் தோன்றும். கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத இன்டர்லாக்கைக் கட்டிவிட்டு வேலை செய்யத் தோன்றும். இந்த மூன்றும் கூடவே கூடாது. ஜா கழன்று பறந்தால் ஒரு உயிர் போகலாம். இதை அண்ணனே சிவப்பு மார்க்கரில் எழுதி மெஷினில் ஒட்டினார்.

6. எவ்வளவு செலவாகும், எப்படிக் கேட்பது

எனக்கு ஆன செலவு: சக்கரம் வைத்த செட்டிங் டிராலி 5,200. அந்த மெஷினுக்கென்று தனியாக ஆலன் கீ செட்டும் டி ஸ்பேனரும் 1,450. சாஃப்ட் ஜா இரண்டு செட் 1,800. பிரிண்ட், லேமினேஷன் 380. பெயின்ட், லேபிள் 270. மொத்தம் 9,100 ரூபாய்.

முதலாளியிடம் டிராலி வேண்டும் என்று கேட்காதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். மாதம் 22 செட்டிங், ஒவ்வொன்றிலும் 80 நிமிடம் மிச்சம் என்றால் 1,760 நிமிடம், அதாவது 29 மணி 20 நிமிடம். எங்கள் மெஷின் ரேட் மணிக்கு 350 ரூபாய். மாதம் சுமார் 10,260 ரூபாய்க்கு மெஷின் நேரம் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கையையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: அந்த நேரத்தில் ஓட்ட ஆர்டர் இருந்தால்தான் இது பணம். இதை மறைத்துச் சொன்னால் அக்கவுன்ட்ஸில் இருப்பவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அதன்பின் உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

வேலை செய்ய நாள் தேடுகிறீர்களா? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் எப்படியும் நிற்கும், ஆட்கள் இருப்பார்கள். டிராலிக்குப் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு ஸ்பேனரும் வைக்கும் இடத்தில் அதன் உருவத்தை வரைந்து முடித்தது அப்படி ஒரு நாளில்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் நல்ல நாள். எல்லா டூலையும் வெளியே எடுத்துத் துடைக்கும்போது எது எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

ஷாப் முழுக்கச் செய்ய வேண்டும் என்ற கட்டம் வந்தால், மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தைப் பாருங்கள். 2023 மார்ச்சில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஆலோசகரை வைத்துச் செய்யும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) கட்டாயம். முதல் இயந்திரத்தில் உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டு அதற்குப் போவது நல்லது. ஆலோசகர் வரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கும்.

7. தாள்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு பக்க செட்டிங் ஷீட் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: ஜா நம்பரும் பல் வரிசையும், சக் பிரஷர், டரட்டில் எந்த இடத்தில் எந்த டூல், இன்சர்ட் கிரேடு, புரோகிராம் நம்பர், எந்த அளவை எந்தக் கேஜில் பார்ப்பது. எழுத்தைக் குறைத்து போட்டோவைக் கூட்டுங்கள். எங்கள் ஆப்பரேட்டர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் பத்தி பத்தியாக எழுதி ஒட்டினால் அவர்களுக்கு அது வெறும் சுவர். ஜா மாட்டிய போட்டோவும் அம்புக்குறியும் எல்லோருக்கும் புரியும்.

ஐஎஸ்ஓ தரச் சான்று உள்ள கம்பெனியாக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். நான் ஆர்வத்தில் லேமினேட் செய்து மெஷினில் ஒட்டிய ஷீட்டில் டாக்குமென்ட் நம்பரும் இல்லை, ரிவிஷனும் இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை. இன்டர்னல் ஆடிட்டில் அதற்கு நான்-கன்பார்மிட்டி (விதிப்படி இல்லை என்ற குறிப்பு) எழுதிவிட்டார்கள். நல்ல வேலை செய்து திட்டு வாங்கியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. முதலில் பென்சிலில் எழுதி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். நிலைத்தபின் கியூசியிடம் கொடுத்து நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கி, அதன்பின் லேமினேட் செய்யுங்கள். இந்த ஒப்புதலுக்கு எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று.

பயிற்சியில் கொடுத்த புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். அது அவர்களுடைய உரிமை. உங்கள் ஷாப்புக்கு நீங்களே எழுதிய ஒரு பக்கம்தான் படிக்கப்படும்.

8. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது

இரண்டாவது ஆளுக்கு வராத வரை அது ஷாப்பின் திறமை ஆகாது. நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஜாப் இன்ஸ்ட்ரக்ஷன் என்று நான்கு படி உண்டு. முதலில் கற்றுக்கொள்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு அவரைப் பயமில்லாமல் நிற்க வைப்பது. அடுத்து நீங்கள் செய்து காட்டி, எந்த இடம் முக்கியம், ஏன் என்று சொல்வது. மூன்றாவது, அவர் செய்துகொண்டே உங்களுக்கு விளக்குவது. கடைசியாகத் தனியே விட்டு, அவ்வப்போது வந்து பார்ப்பது. பெரும்பாலோர் இரண்டாவதோடு முடித்துவிடுகிறார்கள். 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுதுங்க' என்றுதான் பதில் வரும். மூன்றாவது படியில் அவர் வாயால் சொல்லும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும்.

எங்கள் இடத்தில் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். இரவு ஷிப்ட் செட்டர் ஒருவருக்கு மூன்று செட்டிங் தேவைப்பட்டது. யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் அட்டவணையில் அவர் வட்டத்தில் கால், அரை, முக்கால் என்று நிரப்பிக்கொண்டே வந்தோம். அண்ணனுடைய வட்டம் முழுதாக நிரம்பியிருக்கிறது. சொல்லிக்கொடுக்கத் தகுதி உள்ளவர் என்று அதற்கு அர்த்தம்.

9. 30ஆம் நாள் வாக்கில் சரியும்

எங்களுக்கு ஐந்தாவது வாரம் நேரம் மறுபடி 85 நிமிடத்துக்கு ஏறியது. யாரையும் குறை சொல்லும் முன் மெஷின் கதவில் தொங்கும் நோட்டைப் பார்த்தேன். எல்லாம் இரவு ஷிப்ட் செட்டிங். டிராலியிலிருந்த 10 எம்எம் ஆலன் கீயை 5ஆம் நம்பர் மெஷினுக்கு எடுத்துப்போய்த் திரும்ப வைக்கவில்லை. அந்த மெஷினுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அடுத்த வாரமே 50-க்கு இறங்கிவிட்டது.

ஆகவே முதல் 30 நாள் தினமும், அதன்பின் வாரம் ஒரு முறை நோட்டைப் பாருங்கள். ஏறியிருந்தால் ஆளைக் கேட்கும் முன் பொருள் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதி வாங்கிய நேரத்தை யாராவது பறித்தால், அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்க் காட்டுங்கள். நான் ஒருமுறை போனேன். வியாழனுக்குப் பதில் வெள்ளி கிடைத்தது.

10. 90ஆம் நாள் படிவம்

ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.2ஆம் பிரிவு, பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிட்டு ஆதாரம் வைக்கச் சொல்கிறது. அதற்காக எச்ஆரிலிருந்து ஒரு படிவம் வரும். பல இடங்களில் 'நன்று' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முன்பு 130, இப்போது 50, எத்தனை செட்டிங்கின் சராசரி, எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது, ஆன செலவு 9,100 என்று எண்ணாக எழுதுங்கள். கதவில் தொங்கிய நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணையுங்கள். செட்டரின் பெயரை முதலில் எழுதுங்கள். இன்கிரிமென்ட் பேசும்போது இந்தத் தாள் அவருக்கும் பயன்பட வேண்டும்.

கையெழுத்தானதும் அந்தப் படிவத்தின் நகலையும் சான்றிதழின் நகலையும் உங்கள் சொந்த ஃபைலில் வையுங்கள். டிராயிங், செட்டிங் ஷீட், வீடியோ எதையும் அதில் வைக்கக் கூடாது, அவை கம்பெனியுடையவை. வீடியோவை போனிலிருந்து அன்றைக்கே அழித்துவிடுங்கள். பிறகு அதே படிவத்தின் கடைசிக் கட்டத்தில், அடுத்து எந்த மெஷின் என்ற இடத்தில் ஒரு நம்பரை எழுதுங்கள். நாங்கள் 5 என்று எழுதினோம். நம்பரைச் சொன்னது அண்ணன்தான்.